பிரெஞ்சு ஓப்பனும் சென்னை டென்னிஸும்: செங்கல்பொடிக் களத்தின் வரலாறு

பிரெஞ்சு ஓப்பன், பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்திலுள்ள ரோலான் காரோஸ் அரங்கில் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் தொடங்கி ஜூன் மாதத்தில் முடியும் டென்னிஸ் போட்டி. ஆண்கள், பெண்கள் இரு பிரிவினரும் விளையாடும் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் களிமண் தரையில் நடப்பது இது ஒன்றுதான். விம்பிள்டன் புல்தரையிலும், ஆஸ்திரேலிய, அமெரிக்க ஓப்பன் போட்டிகள் கடினத்தரையிலும் நடைபெறுகின்றன.

தமிழ்நாட்டு டென்னிஸுக்கும் இந்தப் போட்டிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. நாகர்கோவிலில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குச் சென்றார். பாரிஸில் அவர் எட்டிய உயரம் 1962-இன் காலிறுதி. அவருக்குப் பின் வந்த விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதிகள் கண்டார்கள்; பாரிஸின் ஒற்றையர் பிரிவில் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. ஆனாலும் இந்தியர் ஒருவர் வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் பாரிஸில்தான் கிடைத்தது. வென்றவர் சென்னையில் பிறந்தவர். இந்த முரணுக்கான விடையில் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே இருக்கிறது.

களத்தின் மண்

பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தரையை 'தெர் பத்யூ' என்பார்கள். அடித்துக் கெட்டித்த மண் என்பது அதன் பொருள். தமிழில் களிமண் தரை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டாலும், மேலே சிவப்பாகத் தெரிவது களிமண் அல்ல. சுட்ட செங்கல்லை அரைத்தெடுத்த பொடி. அது ஓரிரு மில்லிமீட்டர் கனமே இருக்கும். அதற்குக் கீழே வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் தூள், அதன் கீழ் நிலக்கரிச் சாம்பல்கட்டி, பின் சரளை, எல்லாவற்றுக்கும் அடியில் பெருங்கற்கள். உண்மையில் பந்தைத் தாங்குவது சுண்ணாம்புக்கல் படுகைதான். சிவப்புப் பொடி வண்ணத்தையும் வழுக்கலையும் தருகிறது.

மண்ணை அடித்துக் கெட்டிக்கும் வேலை தமிழகக் கடற்கரைக்குப் புதிதல்ல. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளில் மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளின் களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். உப்புநீர் கீழே இறங்கிவிடாமல் பாத்தியில் தங்கிக் காய வேண்டும் என்பதே அங்கே நோக்கம். டென்னிஸ் களத்தின் தேவை இதற்கு நேர்மாறு. மழைநீர் தேங்காமல் கற்களுக்குள் இறங்கிவிட வேண்டும். அதே வேளை மேற்பரப்பு காய்ந்து பறக்கவும் கூடாது. எனவே ஆட்டங்களுக்கு இடையே களத்தை வலையால் இழுத்துச் சமன் செய்து, நீர் தெளிக்கிறார்கள். ஈரம் தங்குவதற்காகக் களிமண் களங்களில் கால்சியம் குளோரைடு தூவுவதும் உண்டு. அது சமையல் உப்பு அல்ல. ஆனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அடைமழைக் காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை எளிதில் புரியும்.

இந்தத் தரையின் பிறப்பைப் பற்றி வழங்கிவரும் வரலாறு 1880-ஐ ஒட்டியது. விம்பிள்டன் வெற்றியாளர்களான ரென்ஷா சகோதரர்கள் தென்பிரான்சின் கான் நகரில் குளிர்காலத்தைக் கழிக்கையில் ஆடிய புல்தரை வெயிலில் கருகியது. பக்கத்து வல்லோரி ஊர் மண்பாண்டங்களுக்குப் பேர்போனது. அங்கிருந்து வந்த உடைந்த, பழுதான பானைகளைப் பொடித்துத் தரையின்மேல் பரப்பினார்கள். புல்லுக்கு மாற்றாக வந்த அந்தப் பொடி, பின்னர் ஐரோப்பாவின் தெற்கிலும் தென்னமெரிக்காவிலும் டென்னிஸின் இயல்பான தரையாகவே ஆகிவிட்டது. புல் வளராத, பராமரிக்கப் பணமில்லாத ஊர்களுக்கும் டென்னிஸ் சென்றது இதனால்தான்.

புல்தரையில் பந்து தாழ்வாக வழுக்கிச் செல்லும். செங்கல்பொடியிலோ பந்து தரையை உரசும்போது வேகத்தை இழந்து, மேல்நோக்கி எழும். வேகமான சர்வீஸின் பாதி பலம் தரையிலேயே போய்விடும். எதிராளிக்குப் பந்தை எட்டிப்பிடிக்க நேரம் கிடைக்கும். புல்லில் ஒரே அடியில் முடியும் புள்ளி, இங்கே பத்துப் பதினைந்து அடிகள் நீளும். வலைக்கு ஓடி வருபவரைத் தாண்டிப் பந்தை அனுப்புவது எளிது. ஆகவே வீரர்கள் பேஸ்லைனுக்குப் பின்னே நின்று, பந்துக்குக் கடும் சுழற்சி கொடுத்து, எதிராளி சலிக்கும்வரை அடிக்கிறார்கள். பந்தை எட்டக் காலைச் சறுக்கிச் செல்வது இங்கே தனிக் கலை. பந்து விழுந்த தடம் மண்ணில் பதிந்து நிற்பதால், சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம் போட்டிகளும் கோட்டுத் தீர்ப்பை மின்னணுக் கருவிகளிடம் விட்டுவிட்ட பிறகும், 2025 வரை பாரிஸ் மனித நடுவர்களையே வைத்திருந்தது.

சங்கப் போட்டியிலிருந்து உலகப் போட்டிக்கு

1891-இல் தொடங்கியபோது இது ஒரே நாளில் முடிந்த சிறு போட்டி. பிரெஞ்சுச் சங்கங்களின் உறுப்பினர்கள் மட்டுமே ஆடலாம். முதல் ஆண்டு வென்றவர் பாரிஸில் வசித்த பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர். பெண்களுக்கான ஒற்றையர் போட்டி 1897-இல் சேர்க்கப்பட்டது. பிற நாட்டவருக்குக் கதவு திறந்தது 1925-இல்தான். அந்த ஆண்டு ஆண்களில் ரெனே லாகோஸ்தும் பெண்களில் சுசான் லாங்லெனும் பட்டம் பெற்றார்கள்.

லாங்லெனை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமாகாது. பதினைந்து வயதிலேயே, 1914-இல், பாரிஸ் அருகே களிமண்ணில் நடந்த உலகப் போட்டியை வென்றவர் அவர். 1925, 1926 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரெஞ்சுப் பட்டம் அவருடையது. 1926-இல் அமெரிக்காவில் சுற்றுப்பயண ஆட்டங்களுக்காகப் பணம் பெற ஒப்பந்தம் செய்தார். அத்தோடு அமெச்சூர் போட்டிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. அரங்கங்களை நிரப்பியவர்கள் ஆட்டக்காரர்கள். நுழைவுச்சீட்டுப் பணம் சங்கங்களுக்கு. ஆட்டக்காரர் பணம் கேட்டால் வெளியே என்பதே அன்றைய விதி. இன்று அதே வளாகத்தின் இரண்டாவது பெரிய களம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1927-இல் லாகோஸ்து, கோஷே, பொரோத்ரா, ப்ரூஞோன் ஆகிய நால்வர் பிலடெல்பியாவுக்குச் சென்று டேவிஸ் கோப்பையை அமெரிக்காவிடமிருந்து பறித்துவந்தார்கள். மறு ஆண்டு கோப்பையைத் தற்காத்து ஆடப் பெரிய அரங்கம் வேண்டியிருந்தது. 'ஸ்தாத் பிரான்சே' சங்கம் நிலம் கொடுக்க முன்வந்தது. தங்கள் சங்கத்தைச் சேர்ந்த ரோலான் காரோஸின் பெயரை அரங்கத்துக்கு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1928-இல் அரங்கம் திறந்தது. பிரான்ஸ் 1932 வரை கோப்பையைக் கைவிடவில்லை.

பெயருக்குரியவர் டென்னிஸ் வீரர் அல்லர், விமானி. 1913 செப்டம்பர் 23 அன்று தென்பிரான்சின் ஃப்ரெழுஸ் நகரிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் மத்தியதரைக் கடலைக் கடந்து துனீசியாவில் தரையிறங்கிய முதல் மனிதர். 1918 அக்டோபரில், முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வான்போரில் மடிந்தார். அவர் பிறந்தது இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில். மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் புதுச்சேரியிலிருந்தும், அதற்கும் தெற்கே காரைக்காலிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தீவு அது. அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே 'மலபார்' என்று அழைக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் இந்த அரங்கம் 'விரும்பத்தகாத அயலார்' எனக் கருதப்பட்டவர்களை அடைத்துவைக்கும் முகாமாகவும் பயன்பட்டது. எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் அங்கே அடைபட்டவர்களில் ஒருவர். தம் அனுபவத்தைப் பின்னர் எழுதினார். அரங்கத்தின் புகழ்பாடும் வரலாறுகளில் இந்தப் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

பணமும் விளையாட்டும்

லாங்லென் எதிர்கொண்ட கேள்வி முப்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னைக்கும் வந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களின் அமைப்பாளர் ஜாக் கிராமர், மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் உறுதித்தொகை தருவதாக ராமநாதன் கிருஷ்ணனை அழைத்தார். அன்றைய கணக்கில் அது பெருந்தொகை. ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையிலும் விம்பிள்டனிலும் பாரிஸிலும் அவர் ஆட முடியாது. கிருஷ்ணன் மறுத்தார். அவருடைய இரண்டு விம்பிள்டன் அரையிறுதிகளும் பாரிஸ் காலிறுதியும் 1966-இல் இந்தியா எட்டிய டேவிஸ் கோப்பை இறுதியும் அந்த மறுப்புக்குப் பின் வந்தவை. அவற்றில் எதிலும் அவருக்குப் பரிசுப்பணம் இல்லை.

அந்தச் சுவர் இடிந்தது களிமண்ணில்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி. தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடிய முதல் 'ஓப்பன்' போட்டி, 1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் கடற்கரை நகரில் நடந்தது. ஆண்கள் பட்டம் ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வாலுக்கு. பெண்கள் பட்டம் அமெச்சூராகவே இருக்க விரும்பிப் பரிசுப்பணத்தை வாங்க மறுத்த வர்ஜீனியா வேடுக்கு. அடுத்த மாதமே பாரிஸில் முதல் ஓப்பன் கிராண்ட் ஸ்லாம். மாணவர் கிளர்ச்சியும் பொது வேலைநிறுத்தமும் பிரான்சையே முடக்கியிருந்த நாட்கள் அவை. வீரர்கள் கிடைத்த வண்டியில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார்கள். வேறு பொழுதுபோக்கு இல்லாத நகரமக்கள் அரங்கத்தை நிறைத்தார்கள். ரோஸ்வால் மீண்டும் வென்றார்; பெண்களில் அமெரிக்காவின் நான்சி ரிச்சி.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசு என்பதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 2006-இல் வெற்றியாளர்களுக்கு மட்டும், 2007-இல் எல்லாச் சுற்றுகளுக்கும் பாரிஸ் சமப்பரிசு அளித்தது. களிமண்ணில் மிக நீண்ட ஆதிக்கங்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் இன்னும் உறுத்தும். கிறிஸ் எவர்ட் 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை களிமண்ணில் தொடர்ந்து 125 ஆட்டங்களை வென்றார். பாரிஸ் பட்டம் ஏழு முறை அவருடையது. ஆண்களில் ரஃபேல் நடாலின் 14 பட்டங்கள் இந்தத் தரையின் குணத்துக்கு ஒப்பற்ற விளக்கம்: இடக்கைச் சுழற்சியில் எழும் பந்து எதிராளியின் தோளுக்கு மேல் துள்ளும். இந்த அரங்கில் அவர் வென்றவை 112 ஆட்டங்கள், தோற்றவை நான்கு.

புல்தரைக்காரர்கள் பாரிஸில்

புல்லில் கோலோச்சியவர்களை இந்த மண் இரக்கமின்றித் திருப்பி அனுப்பியிருக்கிறது. 1984-இல் ஜான் மெக்கன்ரோ அந்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லாமல் பாரிஸ் இறுதிக்கு வந்தார். இவான் லெண்டிலுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்றபின் தோற்றார். இரண்டு முறை விம்பிள்டன் வென்ற ஸ்டெஃபான் எட்பெர்க், 1989 இறுதியில் பதினேழு வயது மைக்கேல் சாங்கிடம் ஐந்து செட்களில் வீழ்ந்தார். அதே போட்டியில் சாங், தசைப்பிடிப்பால் நிற்கவே முடியாத நிலையில் லெண்டிலுக்குக் கீழ்க்கையால் சர்வீஸ் போட்டு வென்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. பீட் சாம்ப்ராஸ் அரையிறுதியைத் தாண்டவில்லை. போரிஸ் பெக்கர் தம் வாழ்நாளில் களிமண்ணில் ஒரு ஒற்றையர் பட்டம்கூட வெல்லவில்லை.

சென்னை வீரர்களின் பாரிஸ் கணக்கை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். ராமநாதன் கிருஷ்ணனின் ஆட்டம் பலத்தால் ஆனதல்ல. மெதுவான சர்வீஸ், பந்தை எதிராளியின் வேகத்தைக் கொண்டே திருப்பிவிடும் நளினம், கோணங்களைப் பற்றிய கூர்மை ஆகியவையே அவர் ஆயுதங்கள். மகன் ரமேஷும் அதே வார்ப்பு. தாழ்வாக வரும் பந்தில் இந்த நளினம் மின்னும். பந்து தோளுயரம் எழும் களத்தில், எதிராளி சுழற்சியால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது, அதற்கு வேலை குறைவு. விஜய் அமிர்தராஜோ உயரமானவர். சர்வீஸ் போட்டு வலைக்கு விரைபவர். அவருக்கும் பாரிஸ் இடம்கொடுக்கவில்லை. ஆனால் மெதுவான தரையில் அவரால் ஆட முடியாது என்பது தவறு. பம்பாயில் களிமண்ணில் நடந்த இந்திய கிராண்ட் பிரி போட்டியை 1977, 1979 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் அவர். இந்திய வெயிலில் இறுகிய மண்ணும் பாரிஸின் ஈரமான செங்கல்பொடியும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் ஒன்றாகிவிடா.

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு வெற்றி நிற்கிறது. 1979-இல் பதினெட்டு வயதை எட்டும் தறுவாயில் இருந்த ரமேஷ் கிருஷ்ணன் பாரிஸில் இளையோர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். சில வாரங்களில் விம்பிள்டன் இளையோர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. தந்தை 1954-இல் வென்ற பட்டம் அது. ரமேஷின் கைத்திறன் களிமண்ணிலும் செல்லும் என்பதற்கு அந்தப் பாரிஸ் வெற்றி சான்று. பெரியவர்களின் ஆட்டத்தில் பந்தின் வேகமும் சுழற்சியும் கூடியபோதுதான் இடைவெளி விழுந்தது.

டேவிஸ் கோப்பையில் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போட்டியை நடத்தும் நாட்டுக்கு உண்டு. இந்தியா தன் மண்ணில் பெரும்பாலும் புல்லையே தேர்ந்தெடுத்தது. 1987-இல் டெல்லிப் புல்தரையில் அர்ஜென்டினாவை வீழ்த்தி, சிட்னிப் புல்தரையில் ஆஸ்திரேலியாவையும் வீழ்த்தி, விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் இந்தியாவை இறுதிக்குக் கொண்டுசென்றார்கள். இறுதிப் போட்டி டிசம்பரில், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில். ஸ்வீடன்காரர்கள் மூடிய அரங்கத்துக்குள் களிமண்ணைக் கொண்டுவந்து கொட்டித் தரை அமைத்தார்கள். விதிக்கு உட்பட்ட செயல்தான். இந்தியாவும் அதே உரிமையைத்தான் டெல்லியில் பயன்படுத்தியது. 5-0 என்று முடிந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1993 ஜூலையில், பிரான்சும் அதே கணக்கைப் போட்டது. காலிறுதிக்கு ஃப்ரெழுஸ் நகரின் களிமண்ணைத் தேர்ந்தெடுத்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் ரோலான் காரோஸின் விமானம் கிளம்பிய அதே ஊர். எதிரே 1988 பாரிஸ் இறுதியில் ஆடிய ஆன்ரி லெகோந்த் போன்றவர்கள். இந்திய அணியில் ஓய்வை நெருங்கிய ரமேஷ் கிருஷ்ணனும், சென்னையில் அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த இருபது வயது லியாண்டர் பயஸும். பயஸ் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் வென்றார். ரமேஷ் ஒன்றை வென்றார். இந்தியா 3-2. இந்திய டென்னிஸ் களிமண்ணில் கண்ட மிகச் சிறந்த வெற்றி எது என்று கேட்டால், பட்டம் எதுவும் தராத இந்த மூன்று நாட்களைச் சொல்வதே பொருத்தம்.

இரட்டையர் வழி

1997-இல் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி, ஜப்பானின் ரிகா ஹிராகியுடன் சேர்ந்து பாரிஸில் கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். அதற்கு முன் எந்த இந்தியரும் கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்றதில்லை. 1999-இல் பூபதியும் பயஸும் ஆண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள், 2001-இல் மீண்டும். 2012-இல் பூபதியும் சானியா மிர்சாவும், 2016-இல் பயஸும் மார்ட்டினா ஹிங்கிஸும், 2017-இல் ரோகன் போபண்ணாவும் கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் கலப்பு இரட்டையர் பட்டங்களைப் பெற்றார்கள்.

ஒற்றையரில் மறுத்த மண் இரட்டையரில் ஏன் இடம் கொடுத்தது? இரட்டையரில் ஒருவர் எப்போதும் வலையருகே நிற்கிறார். பந்து தரையைத் தொடுமுன் வெட்டப்படுகிறது. பந்து தரையில் படாவிட்டால் தரையின் மந்தத்துக்கும் வேலை இல்லை. விரைந்த கை, கோணம் அறிந்த கண், ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் இணை ஆகியவை அங்கே போதும். ராமநாதன் கிருஷ்ணன் காலத்திலிருந்து சென்னை வளர்த்த திறன்களும் ஏறத்தாழ இவையே.

சென்னையின் நுங்கம்பாக்கம் அரங்கம் 1997 முதல் இருபது ஆண்டுகள் ஆண்களுக்கான ஏடிபி போட்டியையும், 2022-இல் பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டியையும் நடத்தியது, இரண்டும் கடினத்தரையில். அந்தத் தரையில் வளர்ந்த சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-இல் பாரிஸ் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடி, முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார். 2024 ஒலிம்பிக் டென்னிஸ் ரோலான் காரோஸ் களங்களில் நடந்தபோது, கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி போபண்ணாவுடன் ஆண்கள் இரட்டையரில் இறங்கினார். எதிரே சொந்த மண்ணில் ஆடிய கேல் மோன்ஃபிஸ், எட்வார்ட் ரோஜர்-வாஸலின் இணை. இந்திய இணை முதல் சுற்றில் தோற்றது. இந்தியாவுக்காகப் போபண்ணா ஆடிய கடைசி ஆட்டம் அதுதான்.